மண்வெட்டி பிடிக்கப் பழகியவர்

வலங்கைமானுக்கு மேற்கே, குடமுருட்டி பாயும் ஓர் ஊரில் நடராசன் என்று ஒரு நிலக்காரர் இருந்தார். நாற்பத்தாறு வயது. அந்த வயதுக்குள் அவர் செய்த வேலை என்ன என்று கேட்டால் மனைவி பிரகதாம்பாளே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். காலையில் குடையோடு வரப்புக்குப் போவார். அங்கே நின்றபடி களை மண்டிக் கிடப்பதாக ஒரு குறை சொல்வார். வெயில் ஏறினால் வீடு திரும்பிவிடுவார். ஆட்சி மாறினால் வேட்டிக் கரையை மாற்றிக்கொள்வார். அறுபத்தேழில் ஒரு தடவை, எழுபத்தேழில் இன்னொரு தடவை. அவருடைய பொதுவாழ்வு இவ்வளவுதான்.

அவருடைய மூன்று ஏக்கர் வரும் ஒன்பது மா நிலத்தைப் பதினாறு வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் செய்தவர் காத்தான். உழவிலிருந்து அறுப்புவரை அவரும் அவர் மனைவி ராசம்மாளும்தான். உழுகிற குத்தகைதாரர் பெயரைத் தாலுகா பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்தபோது, விவசாயச் சங்கத்துக்காரர்கள் சொல்லிக் காத்தானும் மனுப் போட்டார். பெயர் ஏறிவிட்டால் அவரை நிலத்திலிருந்து லேசில் இறக்க முடியாது. நடராசன் பதறிப்போனார். "மேற்படி நிலத்தை நானே கைப்பட உழுது, நானே நாற்று நட்டுச் சாகுபடி செய்து வருகிறேன். காத்தான் என்பவருக்கும் நிலத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை" என்று தாசில்தாருக்கு எழுதிக் கொடுத்தார். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வேண்டியவர் என்பதால் சாகுபடிக் கணக்கான அடங்கலிலும் அப்படியே ஏறியது. அந்தப் பதினாறில் கடைசி ஏழு வருஷத்தையும் நடராசன் வாய்தா மேல் வாய்தா வாங்கியே ஓட்டினார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் காத்தான் வேலையை விட்டுவிட்டு நடந்து போய், ஆபீஸ் மரத்தடியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருவார்.

எழுபத்தொன்பதில் நடராசனின் பங்காளி துரைக்கண்ணு குவைத்திலிருந்து லீவில் வந்தார். கூடவே ஒரு டேப் ரிக்கார்டரும் வந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த பிரகதாம்பாள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வாயைத் திறந்தாள்.

"ஊர்ல ஆம்பளைங்க எங்கெங்கயோ போறாங்க. நீங்க வரப்புக்குப் போயிட்டு வரீங்க."

இது நடராசனை நிஜமாகவே சுட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கூத்தாநல்லூருக்குப் பஸ் ஏறினார்.

அங்கே மீரா உசேன் என்பவர் அரபு நாட்டுக் கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சவுதியில் ஒரு பெரிய தோட்டத்துக்கு விவசாயம் தெரிந்தவர்கள் தேவையாம். ஒரு மாதத்தில் கம்பெனி ஆளே தஞ்சாவூருக்கு வந்து இன்டர்வியூ நடத்தப்போகிறாராம். நடராசன் அன்றே கும்பகோணத்தில் பேன்ட் தைக்கக் கொடுத்தார். கண்ணாடி முன் நின்று 'எஸ் சார்', 'தேங்க் யூ சார்' என்று சொல்லிப் பழகினார். அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்பார்களே என்ற கவலை அவருக்கு இல்லை. தாசில்தாருக்குக் கொடுத்த மனுவின் நகலும் அடங்கல் நகலும் பெட்டியில் பத்திரமாக இருந்தன. இப்படி ஒரு விவசாயி டெல்டாவிலேயே கிடையாது என்று படித்தவர்கள் கண்ணீர் விடும்படி இருந்தது அந்த மனு.

மீரா உசேன் அதைப் படித்துவிட்டு, கையைக் காட்டச் சொன்னார். ரேகை பார்க்கப் போகிறார் என்று நினைத்து நடராசன் நீட்டினார்.

"இந்தக் கை கல்யாண வீட்டுல சந்தனம் குடுக்கத்தாங்க ஆகும்" என்றார் மீரா உசேன். "அங்க கேள்வியெல்லாம் கேக்க மாட்டாங்க. மண்வெட்டியக் குடுத்துப் பாத்தி கட்டச் சொல்வாங்க, தண்ணி பாய்ச்சச் சொல்வாங்க. முப்பது நாள் இருக்கு, தெரிஞ்சவங்ககிட்ட கத்துக்குங்க."

தெரிந்தவர் என்றால் காத்தான்தான். நிலத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவரிடமே போய் நிற்பது எப்படி என்று நடராசன் ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டார். விடிந்ததும் போய் நின்றுவிட்டார். காத்தான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நடராசன் தலை மறைந்ததும் ராசம்மாள் புருஷனிடம் வந்தாள்.

"அவரு பிளேன் ஏறிட்டா வாய்தா வாங்க ஆளு ஏது? குறை வைக்காம கத்துக்குடு."

காத்தான் குறை வைக்கவில்லை. மறுநாளே ஆரம்பமாயிற்று, அதே ஒன்பது மா நிலத்தில். முதல் நாள் நடராசன் மண்வெட்டியை ஓங்கிப் போட்டதில் அது மண்ணில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இரண்டாம் நாள் உள்ளங்கை கொப்பளித்தது. மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொள்ள, பிரகதாம்பாள் எண்ணெய் தேய்த்துவிட்டாள். "குனியுங்க ஐயா, இன்னும் குனியுங்க" என்று காத்தான் மரியாதையாகவே சொன்னார். அந்த மரியாதைதான் நடராசனுக்குப் பொறுக்கவில்லை. நாற்றுப் பறிக்கப் போகும் பெண்கள் தினமும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு அந்த மாதம் சினிமாச் செலவு மிச்சம். இருபதாம் நாள் வாக்கில் அவர் கட்டிய பாத்தி பாத்தி மாதிரியே இருந்தது. அன்றைக்கு அவருக்கு உண்மையான சந்தோஷம். வீட்டுக்குப் போய் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்டர்வியூ நாளன்று தைரியத்துக்குக் காத்தானையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் போனார். ஊருக்கு வெளியே ஒரு கொல்லையில் நாற்காலி போட்டுக் கம்பெனி ஆளான ஓர் எகிப்துக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மீரா உசேன் நின்று அவர் சொல்வதைத் தமிழில் சொன்னார். நடராசன் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு இறங்கினார். வாய்க்கால் வெட்டினார், பாத்தி கட்டினார். கொஞ்சம் கோணல், ஆனாலும் குறை சொல்ல முடியாது. வேலிக்கு அப்பால் காத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் மோட்டார் போட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்து நடராசனின் காலைத் தொட்டது. தொட்டதுதான் தாமதம், அவர் இல்லாத வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே தாவாகத் தாவி வரப்பில் ஏறினார். இடுப்பில் கை வைத்தார்.

"டேய் காத்தான், மடையப் பாருடா, தண்ணி வீணாப் போவுது."

முப்பது நாள் பழக்கம் முப்பது வருஷப் பழக்கத்தின் முன்னால் நிற்கவில்லை. காத்தான் வேலியைத் தாண்டி வந்து நாலு வெட்டு வெட்டினார். தண்ணீர் சொன்னபடி கேட்டு ஒவ்வொரு பாத்தியாகப் போயிற்று. எகிப்துக்காரர் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து முதலில் வேலைக்குக் கூப்பிட்டது காத்தானைத்தான். தனக்கு இங்கேயே நிலம் இருப்பதாகக் காத்தான் சொல்லிவிட்டார். அப்போதுதான் எகிப்துக்காரர் நடராசன் பக்கம் திரும்பினார்.

"மண்வெட்டி வேலை உங்களுக்கு ஆகாதுங்கறாரு" என்றார் மீரா உசேன். "ஆனா நாப்பது பேரை மேய்க்க ஒரு கங்காணி வேணுமாம். நிலத்துல பாடுபட்டது இவரு, மேப்பார்வை நீங்கன்னு உள்ளதை எழுதிக் குடுத்தா எடுத்துக்குவாராம்."

கங்காணி வேலை என்றதும் நடராசனுக்கு உயிர் வந்தது. இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உலகத்தில் உண்டா? "என் ஒன்பது மா நிலத்தைப் பதினாறு வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் செய்து வருபவர் காத்தான். நான் மேற்பார்வை மட்டும்" என்று எழுதி, பெரிதாகக் கையெழுத்தும் போட்டார். வேலை செய்தவர் என்ற முறையில் காத்தானும் அதில் கையெழுத்துப் போட்டார். போட்டவருக்கு ஒரு நகல் கொடுப்பது மீரா உசேனின் வழக்கம். காத்தான் அதை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

அடுத்த வாய்தா வந்தபோது நடராசன் பிளேன் பிடிக்கப் பம்பாய்க்கு ரயிலேற ஒன்பது நாள் இருந்தது. புது பேன்ட்டோடு வந்திருந்தார். காத்தான் மடியிலிருந்து நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். தாசில்தார் அதையும் பழைய மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான். எது பொய்ன்னு சொல்லிடுங்க. கம்பெனிக்குக் குடுத்தது பொய்ன்னா அவங்களுக்கு நான் எழுதணும்."

நடராசனுக்கு நிலம் அப்பா வைத்துவிட்டுப் போனது. ஆனால் ரயிலேறாமல் வீட்டுக்குத் திரும்பினால் பிரகதாம்பாளின் முகத்தில் எப்படி விழிப்பது? நாளைக் காலையில் குடையோடு எங்கே போய் நிற்பது? பேன்ட் மடிப்பைத் தடவிவிட்டுக்கொண்டு, பழைய மனுதான் பொய் என்று சொன்னார். பயிர் செய்தது காத்தான்தான் என்றார்.

தாசில்தார் எழுத்தரிடம் காத்தான் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிவிட்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று காத்தானைக் கேட்டார். காத்தான் துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஒண்ணே ஒண்ணுங்க. பதினாறு வருஷத்துல முப்பது நாளு ஐயாவும் அதுல வேலை செஞ்சாருங்க. அதையும் எழுதிக்கணும்."

நடராசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுத்தர் தலைநிமிராமல் எந்த மாதம் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.