சுப்யான் நானாவின் வெள்ளை

“வெள்ளை வெள்ளையாய் இல்லை, தம்பி.”

இதைச் சொல்லும்போது சுப்யான் நானா முதல் ‘வெள்ளை’யைச் சும்மா விட்டுவிட்டு இரண்டாவதை இழுப்பார், ‘இல்லை’க்குத் தலையை இடப்பக்கம் ஒருமுறை வெட்டுவார். பதினொரு நாளாகச் சொன்னார். தியேட்டர் மனேஜர் செந்தூரனிடம் சொன்னார், ரிக்கற் கொடுக்கும் நாகேஸ்வரியிடம் சொன்னார், இடைவேளையில் கச்சான் கடலை வாங்க வந்தவர்களை மறித்தும் சொன்னார். கடைசியில் நாகேஸ்வரியும் தலையை அதேபோல வெட்டி, “வெள்ளை வெள்ளையாய் இல்லை, நானா” என்று சொல்லியே தேத்தண்ணியை நீட்டத் தொடங்கினாள். அவர் கோபிக்கவில்லை.

“இழுவை காணாது, பிள்ளை” என்று திருத்தினார்.

யாழ்ப்பாண நகரத்துத் தியேட்டர் ஒன்றின் ஒப்பறேற்றர் அவர். வயது அறுபத்தாறு. எந்த நாளும் வெள்ளைச் சேட்தான். முதற் காட்சிக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது புரொஜெக்ரரை வெறும் வெளிச்சத்தில் விட்டுவிட்டு மேல் அறையிலிருந்து இறங்குவார். ஆளில்லாத கதிரைகளுக்கு நடுவால் நடந்து திரைக்கு முன்னால் போய் நிற்பார். நின்று திரையைப் பார்க்கமாட்டார். தன் சேட்டைப் பார்ப்பார். கையைத் திருப்பி, கொலரை இழுத்து, கலியாணத்துக்கு வெளிக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி. சேட்டுக்கு நீலம் போடக்கூடாது என்பது மனைவி ஸம்ஸியாவுக்கு அவர் இட்ட கட்டளை. “நீலம் போட்டால் மெசினுக்குப் பொய் சொன்ன மாதிரி.”

பிலிம் காலத்தைப் பற்றிக் கேட்க இடைக்கிடை ஆட்கள் வருவார்கள். மனிதர் கண் கலங்குவார் என்று கமராவைத் தயாராய்ப் பிடித்திருப்பார்கள்.

“றீலோ? அறும். கீறும். மாரியிலை ஊத்தை மணம் மணக்கும். கொழும்பிலை ஓடித் தேஞ்ச கொப்பிதான் எங்களுக்கு வாறது. வெய்யில் காட்சியிலையும் கீறல் மழை பெய்யும். இப்ப கொழும்புக்காரன் பாக்கிற அதே படத்தை அதே நாள் நாங்களும் பாக்கிறம். இதுக்கு ஏன் அழோணும்?”

கமராவை மூடிக்கொண்டு போய்விடுவார்கள்.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்தைவிட்டு அனுப்பப்பட்டுப் புத்தளத்தில் பிலிம் ஓட்டியவர், திரும்பி வந்தும் பிலிம்தான் ஓட்டினார். டிஜிற்றல் மெசினைப் பூட்ட ஆட்கள் வந்தபோது மூன்று நாளும் அவர்களோடு ஒட்டிக்கொண்டு நின்றார். படம் சின்னப் பெட்டியில் வருவதையும், அதைத் திறக்கிற சாவி இணையத்தில் வருவதையும் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிவைத்தார். நான்காம் நாள் பூட்ட வந்தவர்களுக்கே பிழை பிடித்தார்.

இவ்வளவும் கண் ஒப்பரேசனுக்கு முந்திய கதை. வலக்கண்ணில் வெண்புரை எடுக்க மூன்று கிழமை லீவில் நின்றார். திரும்பி வந்த அன்றே திரைக்கு முன்னால் போய்ச் சேட்டைப் பார்த்தார். இளம்பச்சை அடித்தது. சொன்னார். செந்தூரன் கொழும்பு எஞ்சினியருக்கு ரெலிபோன் எடுத்தான். அவர் அங்கிருந்தபடியே மெசினைச் சோதித்து, லாம்பும் சரி, நிறமும் சரி என்றார். “ஒப்பரேசன் செய்த கண்ணெல்லோ, கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் தெரியும்” என்றும் சேர்த்துச் சொன்னார்.

“அப்பிடியெண்டால் ஸம்ஸியா அவிக்கிற இடியப்பமும் பச்சையாய்த் தெரியோணுமே? பால்? உப்பு? பள்ளிவாசல் மதில்? எல்லாம் வெள்ளையாய்த்தானே கிடக்கு. உங்கடை திரை மட்டும் பாசி பிடிச்சுக் கிடக்கு.”

செந்தூரன் கெட்டவனல்லன். பதினோராம் நாள், ஒரு சனிக்கிழமை, அவரை ஒதுக்கமாகக் கூப்பிட்டுப் பதமாகத்தான் சொன்னான். “நானா, திங்கக்கிழமை துவக்கம் வாசலிலை இருந்து ரிக்கற் பாருங்கோவன். மெசின் நேரத்துக்குத் தன்ரை பாட்டிலை துவங்கும். ஏன் மேலை ஏறி இறங்கிக் கஷ்டப்படுறியள்?”

நாற்பத்திரண்டு வருடம் படம் காட்டிய மனிதர் மேல் அறைக்குப் படியேறிப் போனார். அன்று முழுக்க வெள்ளையைப் பற்றிப் பேச்சில்லை. நாகேஸ்வரிக்குப் பயம் பிடித்துவிட்டது.

ஞாயிறு காலை வழமைக்கு முன்பே வந்தார். எஞ்சினியர் மெசின் சரி என்கிறார். கண் சரியென்று இவருக்குத் தெரியும். அப்படியென்றால் பிழை இரண்டுக்கும் இடையில் இருக்கவேண்டும். இடையில் இருப்பது ஒன்றுதான்: வெளிச்சம் மண்டபத்துக்குள் போகிற சுவர்த் துவாரத்துக்குப் போட்டிருக்கும் கண்ணாடி. அதன் சட்டத்தை இளக்கி, கண்ணாடியின் விளிம்பைப் பார்த்தார். சோடாப் போத்தல் பச்சை. செந்தூரனை மேலே கூப்பிட்டார்.

“தம்பி, உந்தக் கண்ணாடி ஆர் போட்டது?”

“அதுவோ... நீங்கள் லீவிலை நிக்கேக்கை ஏசி திருத்த வந்தவன் ஏணியாலை இடிச்சு உடைச்சுப்போட்டான். நான்தான் கடையிலை வெட்டுவிச்சுப் போட்டனான். யன்னலுக்குப் போடுற சாமான், நானா. நல்ல தடிப்பு.”

“தடிப்புத்தான். நீர் கீழை போய்த் திரைக்கு முன்னாலை நில்லும்.”

மனேஜர் உத்தியோகத்துக்காக அவனும் வெள்ளைச் சேட்தான் போடுவான். போய் நின்றான். மேலே சுப்யான் நானா புரொஜெக்ரரை வெறும் வெளிச்சத்தில் விட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அதுவரை வெள்ளையென்று அவன் நம்பியிருந்த சேட் அப்போதுதான் வெள்ளையானது. திரும்பக் கண்ணாடியை வைத்தார், மங்கிப் பச்சையானது. எடுத்தார். வைத்தார். எடுத்தார்.

“காணும், நானா” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அவன் படியேறி மேலே வந்தபோது முகத்தில் வழக்கமான மனேஜர் இல்லை. சரியான கண்ணாடிக்குக் கொழும்புக்கு இப்போதே சொல்வதாகச் சொன்னான். வாசலுக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னான். அதுவும் போதாதென்று நினைத்தானோ என்னவோ, “மெசின் தன்ரை பாட்டிலை துவங்கிறதையும் நிப்பாட்டிவிடுறன், நானா. இனி நீங்களே பட்டனை அமத்துங்கோ” என்றான்.

கழற்றிய கண்ணாடியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்த சுப்யான் நானா அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“பட்டனை நீரே வைச்சிரும், தம்பி. படத்தை என்னட்டை விடும்.”