தேவி ஏற்றுக்கொள்ளாத மருமகள்

உமாமகேஸ்வரியை மாமியார் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பியதற்கு நகை காரணமில்லை, பிள்ளை இல்லாததும் காரணமில்லை. ஒரு விளக்கு அணைந்துவிட்டது. அவ்வளவுதான். "வெளக்கு அணைஞ்சதுக்கா பொண்ண வெரட்டுவாக? வேற என்னமோ இருக்குடி, மறைக்காம சொல்லு" என்று நானே கேட்டுக் கேட்டு அவளை அழவைத்திருக்கிறேன்.

தேவிபட்டினம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அவளுக்கு அடுப்பு ரிப்பேர் கடை, பக்கத்தில் எனக்குத் தையல் கடை. நடுவே ஒரு தகரத் தடுப்புதான். வாழாவெட்டி என்று ஊர் சொன்னபோது வீட்டுக்குள் முடங்காமல், அப்பாவின் கடையில் ஸ்பேனரைக் கையில் எடுத்தவள். கேஸ் அடுப்பு, குக்கர், பெட்ரோமாக்ஸ் எல்லாம் பார்ப்பாள். வாய்தான் கொஞ்சம் நீளம். "அடுப்ப இந்த லெட்சணத்துல வச்சிருக்கீகளே, சோறு எப்படித் தொண்டைல எறங்குது?" என்று வந்தவர்களை முகத்துக்கு நேரே கேட்பாள். அந்த விளக்குப் பேச்சு வந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள்.

அவளைக் கட்டிக்கொடுத்தது உப்பூருக்கு உள்ளே வயலும் கிணறுமாக இருந்த ஒரு சம்சாரி வீட்டில். அந்த வீட்டுக்கு வரும் மருமகள் 'தேவி விளக்கை' ஏந்தி வாசலிலிருந்து சாமி அறை வரை நடக்க வேண்டும். அணையாமல் போனால் தேவி ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். உமா படியில் கால் வைத்ததும் அணைந்தது. அந்த மாதமே மாமனார் கிணற்று மோட்டாரில் ஷாக் அடித்து இறந்துபோனார். பழி முழுக்க இவள் தலையில் விழுந்தது. புருஷன் காளீஸ்வரன் வாயே திறக்கவில்லை. பிறகு சிங்கப்பூர் போனவன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். நல்லா இருக்கட்டும், மகராசன்!

போன ஆவணியில் ஆட்டோக்கார இருளாண்டி ஒரு சாக்கோடு வந்தான். அவன் ஊருக்குப் புதுசு, பழைய கதை தெரியாது.

"அக்கா, உப்பூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டுச் சாமான். வெளக்கு நின்னு எரிய மாட்டேங்குதாம். சின்ன மகனுக்குக் கல்யாணம், பொண்ணு அதத் தூக்கணுமாம். வெரசாப் பாத்துக் குடுங்க."

சாக்கைப் பிரித்த உமாவின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. பித்தளை அடிப்பாகம், நடுவில் தடித்த கண்ணாடி, மேலே துளைகள் உள்ள இரும்புத் தொப்பி, தொப்பியில் கொக்கி. எல்லாவற்றின் மேலும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும். அந்தத் தேவி விளக்குதான் என்று சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது. யா அல்லாஹ்!

"தூக்கிக் கடல்ல எறிடி" என்றேன்.

"எறிஞ்சா அன்னைக்கு ஏன் அணைஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியாமப் போயிரும்க்கா" என்றாள்.

அந்த வீட்டில் அடிப்பாகத்தைத் திருகி எண்ணெய் ஊற்றுவார்கள், திரி ஏற்றுவார்கள். மேல்பாகத்தை மட்டும் யாரும் கழற்றியதில்லை. அது தேவியின் தலையாம். வெள்ளிக்கிழமை தோறும் அதன் மேல் நல்லெண்ணெய் விட்டுக் குங்குமம் சாத்துவார்கள். உமா மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தட்டித் தட்டித் தலையைக் கழற்றினாள். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கம்பிவலைக் குல்லாய்கள். வலை என்று சொல்ல அதில் ஓட்டையே இல்லை. குங்குமமும் கரியும் எண்ணெயும் சேர்ந்து களிமண்ணாக அப்பிக் கிடந்தன.

நான் செல்போனில் படம் பிடித்துத் தேடினேன். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகிற விளக்காம். உள்ளே இருக்கும் தீ வெளியே உள்ள வாயுவைப் பற்றவைக்காமல் இருக்கத்தான் அந்த வலை. காற்று உள்ளே வருவதும் புகை வெளியே போவதும் அது வழியாகத்தான்.

"பேரு என்னமாச்சும் போட்டிருக்காக்கா?"

"டேவி லாம்ப்பாம். கண்டுபிடிச்ச வெள்ளக்காரன் பேரு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். காளீஸ்வரனுடைய பூட்டன் மலாயாவில் சுரங்க வேலை பார்த்துத் திரும்பியவர். 'டேவி விளக்கு' என்று அவர் சொன்னது, தேவிபட்டினத்துக்கும் அதன் நவபாஷாணக் கோயிலுக்கும் பக்கத்தில் இருக்கிறவர்கள் காதில் வேறு எப்படி விழும்? ஆம்பளைப் பெயருக்குக் குங்குமம் வைத்துப் பெண்களைச் சோதித்திருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது. உமா சிரிக்கவில்லை.

"மூச்சுவிட வழியில்லாம செத்திருக்குக்கா. அவுக சாத்துன குங்குமமே அடச்சிருக்கு. நான் என்னத்தையோ சுமந்துக்கிட்டு வந்த பாவின்னு இம்புட்டு நாளு நானே நம்பிட்டேனே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் நம்பினாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

வலைகளைப் பெட்ரோலில் அலசி, அடுப்புத் தீயில் காட்டி, பிரஷால் தேய்த்தாள். கண்ணாடியின் வாஷர் பொடியாக உதிர்ந்தது. தடித்த குக்கர் கேஸ்கட்டை அளவாக வெட்டிப் போட்டாள். புளி போட்டுப் பித்தளையைத் துலக்கினாள். சுரண்டி எடுத்த களியை மட்டும் கொட்டாமல் காகிதத்தில் பொதிந்து வைத்தாள்.

கல்யாணத்தன்று இருளாண்டி எடுக்க வந்தபோது, "நானே கொண்டாந்து தாரேன்" என்று ஆட்டோவில் ஏறினாள். நான் சும்மா விடுவேனா? மிஷினை மூடிவிட்டுக் கூடவே போனேன்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் உமாவின் மாமியார் ராமலெட்சுமி. எதிரே மாலையும் கழுத்துமாகப் புதுப்பொண்ணு முருகலட்சுமி, முகம் வெளிறி நின்றது. எரியும் விளக்கோடு உமா இறங்கியதும் மேளம்கூட நின்றுபோனது.

"நீயா?" என்றார் ராமலெட்சுமி.

உமா பொதியைப் பிரித்துத் தட்டில் வைத்தாள். "இதுதான் அத்தை அடச்சிருந்துச்சு. நீங்க சாத்துன குங்குமம். இது சுரங்கத்து வெளக்கு. காத்துப் போகலைன்னா யாரு தூக்குனாலும் அணையும்."

ராமலெட்சுமி தட்டைப் பார்க்கவே இல்லை. ஆடிமாதக் காற்று மிச்சமிருந்த அந்த வாசலில் ஆடாமல் நின்ற சுடரையே பார்த்தார். கண்ணில் நீர் கோத்தது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"தேவி ஒன்னைய மன்னிச்சுட்டாடி!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மன்னிப்பாமே! யார் யாரை மன்னிப்பது? நான் வாயைத் திறப்பதற்குள் உமா விளக்கைத் தலைக்கு மேலே எல்லோரும் பார்க்கத் தூக்கினாள். அடியிலிருந்த திருகைத் திருப்பித் திரியை இறக்கினாள். சுடர் அணைந்தது. கூட்டம் 'ஆத்தீ' என்று அலறியது.

"அன்னைக்கு நான் அணைக்கல. இன்னைக்கு நான்தான் அணைச்சேன். என்னைய என்ன செய்யணுமோ செய்ங்க. அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீக."

ராமலெட்சுமி கும்பிட்ட கையை இறக்கவும் தெரியாமல் நின்றார். புதுப்பொண்ணு உமாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டது.

"அக்கா, நான் உள்ள போகவா?"

"போத்தா. ஒன் வீடுதான" என்றாள் உமா.

அந்தப் பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது. வலது காலா இடது காலா என்றுகூட யாரும் பார்க்கவில்லை.