சிவப்பு பிளக் ஒயரும் பாதித் தார்ப்பாயும்

இரண்டு வருடத்துக்கு முன், தை மாதக் கடைசியில், தஞ்சாவூருக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப் பக்கத்து நெல் கொள்முதல் நிலையத்தில் நடந்தது இது. சம்பா அறுப்பு முடிந்து, நெல்லை அங்கே களத்தில் கொட்டிவிட்டு, எடை போட முறை வருவதற்காகப் பத்து நாளாகக் காத்துக் கிடந்தேன். குளிக்க, சாப்பிட மட்டும் வீடு. மற்ற நேரமெல்லாம் குவியலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக் கொசுக்கடியில் காவல். உடம்பு அலுத்தால் புத்தியும் கெடும் என்பதற்கு நானே சாட்சி.

பொழுது போகாமல் செல்போனில் பைக் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். அதில் ஒருவர் பழைய வண்டிக்குச் சிவப்பு நிறத்தில் பிளக் ஒயர், அதாவது இன்ஜின் பிளக்குக்குக் கரண்ட் போகும் ஒயர், மாட்டியிருந்தார். நாற்பத்தாறு வயதில் எனக்கு அந்த ஆசை ஏன் வந்ததோ, கும்பகோணத்தில் ஒன்று வாங்கி வந்து களத்திலேயே உட்கார்ந்து மாட்டினேன். ஒயரும் பிளக் கேப்பும் சேரும் இடத்தில், தண்ணீர் புகாமல் இருக்க ஒரு ரப்பர் மூடி உண்டு. அது சிவப்பை மறைத்தது. கழற்றி எறிந்துவிட்டேன்.

பக்கத்துக் குவியல்காரர் வேறு ஊர்க்காரர், ஏறக்குறைய என் வயது. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, அந்த ரப்பரப் போட்டுடுங்க. தண்ணி பூந்துச்சுன்னா வண்டி நின்னுடும்" என்றார்.

எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "உங்க நெல்லப் பாருங்க, என் வண்டிய நான் பாத்துக்கிறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் தன் குவியல் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தபோது வானம் கறுத்தது. நாலு நாள் வெயிலை நம்பி, தார்ப்பாயைக் கிழிசல் தைக்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அங்கே குவியல் வெட்டவெளியில் கிடக்கிறது. தார்ப்பாயைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு பறந்தேன். பாதி வழியில், வாய்க்கால் கரையில் மழை பிடித்துக்கொண்டது. வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. உதைத்து உதைத்துக் கால் நொந்ததுதான் மிச்சம். கேப்பைப் பிடுங்கினால் உள்ளே தண்ணீர். துடைக்க உடம்பில் காய்ந்த துணி கிடையாது. குத்தகை நிலம், அந்த வருஷத்து உழைப்பு மொத்தமும் அந்தக் குவியல்தான். கரையில் நின்று அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, தார்ப்பாயைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. என் நெல் மூடியிருந்தது. அந்தப் பக்கத்துக் குவியல்காரர் தன் தார்ப்பாயை இழுத்து, பாதியை என் குவியல்மேல் போட்டு, ஓரத்தில் செங்கல் வைத்திருந்தார். அவருடைய குவியலில் ஒரு பக்கம் நனைந்து சொதசொதவென்று கிடந்தது. ஈர நெல்லைக் கையால் வழித்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"நாளைக்கு உங்க முறையாச்சே. எனக்கு இன்னும் நாள் கெடக்கு, காய வச்சுக்கலாம்" என்றார், நிமிராமல்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஈரம் அதிகமென்றால் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். மறுநாள் என் நெல்லுக்கு ஈரப்பதம் சரியாக இருந்தது; எடை போட்டார்கள். அவர் வெயிலில் தன் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். கூட நின்று இரண்டு நாள் துழாவியிருக்கலாம். ஆனால் உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. "வரேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவன், இரண்டு நாள் தூங்கினேன். நடுவில் மறுபடியும் ஒரு மழை பெய்ததாம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் அவர் இடம் காலி. நெல்லை எடை போட்டுவிட்டுத்தான் போனாரா, ஈரம் என்று திருப்பி ஏற்றிக்கொண்டு போனாரா, யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இன்றுவரை எனக்கும் தெரியாது. அவர் எனக்காக நனையவிட்ட நெல்லை ஒற்றை ஆளாய்த் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில் நான் தூங்கினேனே, அதற்கு மட்டும் என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.