பாலீன் பேசிக் காட்டிய தைவா

பாலீன் ஸ்லைட் இப்போதெல்லாம் யாரையும் போலப் பேசிக் காட்டுவதில்லை. பப் மதுக்கூடத்தில் எத்தனை பேர் கெஞ்சினாலும் "தொண்டை சரியில்லப்பா" என்று நழுவிவிடுகிறாள். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை.

இங்கிலாந்தின் ஸ்பால்டிங் ஊரில் அவளைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளிக்கூடச் சாப்பாட்டு வரிசையில் அவள் கையால் உருளைக்கிழங்கு மசியல் வாங்கித் தின்றவர்கள். கரண்டியைப் பிடித்தபடியே தலைமையாசிரியர் போல இருமுவாள், பாதிரியார் போல மூக்கால் பேசுவாள். வரிசை மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். படிப்பு ஏறவில்லை, அழகும் சுமார்தான். ஆனால் பாலீன் வந்தால் அந்த இடம் கலகலப்பாகிவிடும் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை காலமும் தலைநிமிர்ந்து நடந்தாள்.

ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. வயல்களிலும் காய்கறிக் கொட்டகைகளிலும் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரர்களுக்கு சர்ச் ஹாலில் புதன்கிழமை தோறும் இங்கிலீஷ் பேசப் பழக்கினார்கள். அங்கே போய்ச் சேர்ந்துகொண்டாள். இலக்கணம் அவளுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் ஒன்று பிடிபட்டது. 'ஹேவ்' என்ற வினையை எடுத்துக்கொள், அதன் வாலில் குட்டியாக ஓர் 'எ'யை ஒட்டு, பின்னால் ஏதாவது ஒரு பெயர்ச்சொல்லை மாட்டு. அவ்வளவுதான், பாதி நாளை ஓட்டிவிடலாம். ஹேவ் எ சீட், ஹேவ் எ லுக், ஹேவ் எ கோ. உட்காருவது, பார்ப்பது, துணிந்து இறங்குவது எல்லாமே அதற்குள் அடக்கம்.

"அந்தக் குட்டி 'எ'யை முழுங்கிடாதீங்க, கண்ணுங்களா" என்பாள் தலையை ஒரு பக்கம் சாய்த்து. "அது இல்லாட்டி பல்லு போன வாய் மாதிரி ஆயிடும்."

எல்லோரையும்விட அதிகமாக அதை முழுங்கியவள் தைவா. லிதுவேனியாக்காரி. அவள் பாஷையில் அப்படி ஒரு 'எ'யே கிடையாது, பாவம், எங்கிருந்து எடுத்து ஒட்டுவாள்? கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, "ஐ ஹேவ் கொஸ்டின்", அதாவது "நான் கேள்வி இருக்கு" என்று ஆரம்பிப்பாள். அவளிடம் எப்போதும் கேள்வி இருந்தது. கொட்டகையில் பச்சைத் தண்ணீரில் லீக்ஸ் என்ற பெரிய வெங்காயத்தாளைக் கழுவிக் கழுவி அவள் விரல்களெல்லாம் வெடித்திருந்தன. முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னவளே பாலீன்தான்.

"என் இங்கிலீஷ் சிரிப்பாங்க" என்றாள் தைவா.

"யாரு சிரிக்கிறது? சிரிச்சா எங்கிட்ட சொல்லு. ஹேவ் எ கோ, கண்ணு! ஒரு கை பாத்துடு."

விண்ணப்பித்தாள். வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்கு வரச்சொல்லி அழைப்பும் வந்தது.

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் அந்தக் கூத்து. சர்ச் ஹால் கூரை ஒழுகியது. அதைச் சரிசெய்ய ஆற்றோரப் பப்பில் மதிய விருந்து வைத்து நிதி திரட்டினார்கள். சாப்பாடு முடியும் நேரத்தில் வழக்கம்போல, "பாலீன், ஒண்ணு எடுத்து விடு!" என்று குரல் வந்தது. பாதிரியாரைப் போலச் செய்து காட்டினாள். டாக்டரைப் போலச் செய்து காட்டினாள். "எல்லாம் பழசு!" என்று எவனோ கத்தினான். சுருக்கென்றது அவளுக்கு. பழசா? பாலீனா?

எழுந்து நின்றாள். கைப்பையை மார்போடு அணைத்தாள், தோளைக் காதுவரை தூக்கினாள். "இது எங்க தைவா" என்று அறிவித்தாள்.

"நான் கேள்வி இருக்கு. நான் புருஷன் இருக்கு. நான் முட்டைக்கோஸ் இருக்கு. ரெண்டும் பேசாது!"

பப்பே அதிர்ந்தது. அவள் கணவர் கிளிஃப் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் இன்னும் என்றார்கள், அவளும் இன்னும் இன்னும் செய்தாள்.

சிரிப்பு அடங்கும்போது சமையலறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தைவா வந்தாள். பாத்திரம் கழுவ அன்றைக்குத்தான் அவளைக் கூலிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பாலீனின் நெஞ்சோடு பை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தைவா அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு சிரித்த முகத்தோடு மேசைமேசையாகத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து, பாலீன் பக்கத்தில் நின்றாள்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

பாலீன் தட்டில் பாதிச் சாப்பாடு மிச்சம் இருந்தது. "முடிஞ்சுது" என்றாள்.

எங்கள் ஊர் ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள், எதுவுமே நடக்காததுபோல மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். "அவ ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டா, சிரிச்சிட்டுத்தானே போனா? ஒரு வாய் குடி" என்றார் கிளிஃப். பாலீன் கோப்பையைத் தள்ளி வைத்தாள். மானக்கேடு. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது. சமையல் கரண்டி பிடித்த காலத்தில்கூட அவள் இப்படிக் கூனிக் குறுகியதில்லை.

புதன்கிழமை தைவா வகுப்புக்கு வரவில்லை. நேர்முகத்துக்கும் அவள் போகப்போவதில்லை என்று கொட்டகைக்காரர்கள் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் கை வெடிப்பு ஆறுவதும் ஆறாமல் போவதும் இப்போது தன்னால் என்று ஆகிவிட்டதே!

வியாழன் மத்தியானம் எலுமிச்சை கேக் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு தைவா வீட்டுக்குப் போனாள். கதவு திறந்ததும் கேக்கை நீட்டினாள். தைவா கையை நீட்டவில்லை.

"வாசப்படி மேல வாங்கினா ஆகாது. உள்ள வாங்க."

ஷூவைக் கழற்றச் சொன்னாள். கழற்றினால், சாக்ஸ் ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. பாலீன் அதை இன்னொரு பாதத்தால் மறைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"மழை விட்டுடுச்சு" என்றாள்.

"ஆமா."

"கை எப்படி இருக்கு?"

"சரி."

"நாளைக்கு... போறே இல்ல?"

"இல்ல."

ஓயாமல் கேள்வி கேட்டவள் இப்போது ஒற்றை வார்த்தைக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. பாலீன் முன்னால் ஒரு முழு வாக்கியம் சொல்ல அவளுக்குப் பயமாகிவிட்டது. அது புரிந்ததும் பாலீன் உடைந்துபோனாள். "தைவா, மன்னிச்சிடு. நான் செஞ்சது அசிங்கம்" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

தைவா அழுகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"செஞ்சு காட்டுங்க."

"என்னது?"

"என்னை. சமையல்ரூம்ல தண்ணி சத்தம். சிரிப்பு கேட்டுது, நீங்க சொன்னது கேக்கல. நாளைக்கு அவங்க காதுல நான் எப்படி கேக்கும்? எனக்கு தெரியணும்."

"ஐயோ, வேண்டாம் தைவா. கெஞ்சிக் கேக்கறேன்."

"அங்க எல்லாருக்கும் காட்டுனீங்க. எனக்கு மட்டும் இல்லையா?"

பாலீன் எழுந்தாள். முணுமுணுத்தாள்.

"அப்படி இல்ல" என்றாள் தைவா. "அன்னைக்கு மாதிரி. பை எடுங்க."

பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தோளைத் தூக்கிக்கொண்டு, ஓட்டைச் சாக்ஸோடு அந்தச் சின்ன அறையில் நின்று, ஒருவரும் சிரிக்காத இடத்தில் பாலீன் முழுவதையும் செய்தாள். கேள்வி, புருஷன், முட்டைக்கோஸ், ஒன்று விடாமல். வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஆட்டத்தை அவள் ஆடியதில்லை.

தைவா கண் இமைக்காமல் கேட்டாள். "மறுபடியும். மெதுவா" என்றாள். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தினாள். எந்த இடத்தில் 'எ' விட்டுப்போயிற்று என்று கேட்டாள். பாலீன் சொல்லச் சொல்ல, அவள் திருத்திச் சொன்னாள். ஹேவ் எ கொஸ்டின். ஹேவ் எ ஹஸ்பண்ட். தப்பாக வந்தால் மறுபடியும் பாலீனைச் செய்யச் சொன்னாள். பாலீனின் முகம் சிவந்து வேர்த்து ஊற்றியது. ஒருவழியாக தைவா போதும் என்று கையைக் காட்டினாள்.

"நாளைக்குப் போறேன்" என்றாள். கேக்கை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

பாலீனுக்கு உயிர் வந்தது. ஷூவை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே இறங்கியபின் தைரியம் வந்து திரும்பினாள். "அப்போ என்மேல கோபம் இல்லையே?"

தைவா கதவைப் பிடித்துக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். கண்ணை அகல விரித்தாள். காது கேளாத குழந்தையிடம் பேசுவதுபோல, உரக்க, இழுத்து, தேனொழுகச் சொன்னாள்.

"பயப்படாதே, கண்ணு! நீ நல்லாத்தான் செய்யறே, கண்ணு! ஹேவ் எ சீட்! ஹேவ் எ கோ!"

ஒரு 'எ' குறையவில்லை. அது அச்சு அசல் பாலீன் குரல். இத்தனை வருடத்தில் பாலீன் அந்தக் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குள்ளிருந்து தைவாவின் புருஷன் பகபகவென்று சிரித்தான். அது ஒவ்வொரு புதன்கிழமை சாயங்காலமும் வகுப்பு முடிந்து வந்தவளிடம் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகியவனின் சிரிப்பு.