மீன்சுருட்டிக்குப் போன ஒரு ஜோடி செருப்பு

பரிமளம் அக்காவின் மகன் செந்தில் போன் செய்தபோது என் கை தோல் சீவும் மிஷினின் கைப்பிடியில் இருந்தது. பிளேடுக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு பெல்ட் பட்டை பாதி உள்ளே, பாதி வெளியே. சுற்றுகிற கையை நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் தோலில் ஒரு படி விழுந்துவிடும், பிறகு அதை என்ன செய்தாலும் சரியாகாது. அதனால் மேஜைமேல் போன் அதிர்ந்துகொண்டே இருக்க, பட்டை முழுவதும் வெளியே வரும் வரை ஒரே சீராகச் சுற்றி முடித்துவிட்டுத்தான் எடுத்தேன். "அம்மா போயிட்டாங்கண்ணே" என்றான். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போனை வைத்த பிறகு மிஷினில் கிடந்த தோல் துகளைத் துணியால் துடைத்தேன். அப்போது எதற்காகத் துடைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு கடையைச் சாத்திக்கொண்டு ஓடினேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் தோல் கடை வைத்திருந்த பரிமளம் அக்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் இடுப்பில் இருப்பது அவர் செய்த பெல்ட். பர்ஸ், கைப்பை, சாவிக்கொத்து என்று அவர் செய்யாதது இல்லை. சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்கு அளவெடுத்துச் செருப்பும் செய்து தந்தார். நான் அவருடன் பன்னிரண்டு வருடம் அந்தக் கடையில் இருந்தவன். பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடிக்கும் அட்டையில் போட நான்கு வரி எழுதித் தரும்படி செந்தில் கேட்டான். கனிவானவர், கைத்திறன் மிக்கவர் என்று எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். காரணம், உடலை எடுப்பதற்கு முன் வீட்டு வாசலில் பந்தலின் கீழ் நான் கேட்ட பேச்சு. "நல்ல மனுஷி. என்ன, அந்த மீன்சுருட்டிக்காரரு வெரலு விஷயம் ஒண்ணுதான் பேருக்கு ஒரு கறை" என்றார் ஒருவர். பக்கத்திலிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் கையில் மாலையோடு அங்கேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லாததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நம்புகிறேன்.

அக்கா குன்னம் பக்கத்தில் சின்ன வெங்காயம் போடுகிற குடும்பத்துப் பெண். அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை. கொல்லையில் ஏறிய கருவேல முள் பாதத்துக்குள் இருப்பதே தெரியாமல் நான்கு நாள் வேலை செய்திருக்கிறார் மனிதர். பாதத்தையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அக்கா தோல் வேலைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். திருச்சியில் மூன்று மாதம் தங்கிக் கற்றுக்கொண்டார். பரிமளம் என்று பேரை வைத்துக்கொண்டு பதப்படுத்திய தோலின் வாடையில் உட்கார்ந்திருக்கிறாயே என்று கேலி செய்கிறவர்களோடு சேர்ந்து அவரும் சிரிப்பார்.

எல்லாரும் கேலியோடு நிறுத்தவில்லை. தோலைத் தொட இன்ன சாதிதான் பிறந்திருக்கிறது என்று பட்டா போட்டு வைத்ததுபோலப் பேசுகிற உறவு அவருக்கும் இருந்தது. ஒரு கல்யாணத்துக்குத் தான் செய்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அண்ணி வாசலிலேயே மறித்து, பையை வெளியே வேப்பமரத்தில் மாட்டிவிட்டு உள்ளே வரச் சொன்னாராம். அக்கா சண்டை போடவில்லை. மாட்டினார். மாட்டிவிட்டு, "கண்ணாடி பையிக்குள்ள இருக்கு அண்ணி, கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது, கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போங்க" என்று கையை நீட்டியிருக்கிறார். அண்ணி வேறு வழியில்லாமல் அவரைக் கைபிடித்து அழைத்துப்போய், இலை முன்னால் உட்கார வைத்து, எது கூட்டு எது பொரியல் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. தோலைத் தொட்ட கையைப் பிடித்துக்கொண்டுதான். இதை அக்கா சொல்லும்போதெல்லாம் நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அண்ணியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பது பின்னால் வரும்.

தோல் சீவும் மிஷின் வந்த நாளும் நினைவில் இருக்கிறது. அதுவரை பட்டையின் ஓரத்தைக் கத்தியால்தான் மெலிதாக்கினார். ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் கந்தலாகவும் வரும். ஆன்லைனில் பார்த்து வரவழைத்த மிஷின் ஒரு பெரிய இஞ்சி நசுக்கி அளவுதான் இருந்தது. மேலே ஒரு பிளேடு, கீழே ஒரு உருளை, பக்கத்தில் கைப்பிடி, எவ்வளவு கனம் வேண்டும் என்று வைக்க ஒரு திருகு. கூட வந்த தாளில் இருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் புரியாத பாஷை. முதல் துண்டை அக்கா தலைகீழாக விட்டுவிட்டார். பளபளவென்றிருந்த மேல்தோல் சீவிக்கொண்டு போய்விட்டது, சொரசொரப்பான அடிப்பக்கம் மட்டும் மிஞ்சியது. நான் அடக் கடவுளே என்று தலையில் கை வைத்தேன். அக்கா அந்தத் துண்டிலேயே ஒரு பர்ஸ் தைத்துக்கொண்டு, தன் முட்டாள்தனத்தைத் தானே சுமக்கப் போவதாகச் சொன்னார்.

பிறகு அந்த மிஷின் அவர் கைக்கு அடங்கியது. திருகைத் துளித் துளியாக இறக்கி மூன்று தடவை விடுவார், ஒரே தடவையில் இறக்க மாட்டார். "ஒரேயடியா எடுக்காத தம்பி. எடுத்தத திருப்பி வைக்க முடியாது" என்பார். மூன்று தடவை சீவி முடித்த ஓரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தன் கீழுதட்டில் வைத்து மெல்ல இழுப்பார். செருப்பில் இரண்டு தோல் ஒன்றன்மேல் ஒன்று சேருகிற இடத்தில் மேடு இருக்கக் கூடாது. நமக்கென்றால் உறுத்தும், கழற்றிவிடுவோம். மரத்துப்போன காலுக்கு உறுத்தாது. அது பாட்டுக்கு அறுத்துக்கொண்டே இருக்கும், ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். விரலால் தடவிப் பார்த்தால் போதாதா என்று ஒருநாள் கேட்டேன். "வெரலு காச்சுப் போச்சு, அதுக்கு என்னா தெரியும். அவங்க காலு பேசாது தம்பி. ஒதடுதான் சொல்லும்" என்றார்.

நான் உதட்டில் வைத்ததே இல்லை. இதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பூலாம்பாடியில் மாடு கன்றோடு வளர்ந்தவன், சாணியை அள்ளியிருக்கிறேன், தோலை வெட்டுகிறேன், தைக்கிறேன், சம்பாதிக்கிறேன். ஆனால் செருப்புக்குப் போகிற தோலை வாயருகே கொண்டுபோக எனக்குக் கூச்சம். அக்கா பார்க்கும்போது முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தலையாட்டுவேன், உதட்டில் படாது. பையை மரத்தில் மாட்டச் சொன்ன அண்ணியாவது வெளிப்படையாகச் சொன்னார். நான் அதே கடையில் உட்கார்ந்துகொண்டு அதையே செய்துகொண்டிருந்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், மீன்சுருட்டியிலிருந்து கலியபெருமாள் ஐயா செருப்புக்கு அளவு கொடுத்திருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராக நடந்த கால்கள், இரண்டும் மரத்துவிட்டன. அவர் வாங்க வந்த நாளில் அக்கா தோல் எடுக்கத் திருச்சிக்குப் போயிருந்தார். என் மனைவிக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், போன்மேல் போன் வந்துகொண்டிருந்தது. வலதுகால் செருப்பு அக்கா முடித்து வைத்தது. இடதுகாலுக்கு மேல்பட்டை மட்டும் பாக்கி. நான் மிஷினில் திருகை ஒரேயடியாக இறக்கி ஒரே தடவை விட்டேன். விரலால் தடவினேன், சரியாக இருந்தது. விரலுக்குச் சரியாக இருந்தது. ஒட்டித் தைத்துக் கொடுத்துவிட்டு ஓடினேன். அன்று மாலை எனக்கு மகள் பிறந்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கலியபெருமாள் ஐயா ஆட்டோவில் வந்து இறங்கினார். இடதுகாலில் கட்டு. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். செருப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஒங்கள நம்பித்தானம்மா போட்டேன்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

அக்கா இடதுகால் செருப்பை எடுத்தார். ஒரு மாதம் ஒருவர் போட்டு நடந்த செருப்பு, மண்ணும் மருந்தும் ஒட்டியிருந்தது. அந்தப் பட்டையின் உள் ஓரத்தை, ஐயாவின் கண் முன்னால், என் கண் முன்னால், தன் உதட்டில் வைத்து இழுத்துப் பார்த்தார். கண்ணைத் திறந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. "மேடு இருக்குங்க. நாந்தான் சரியா சீவாம வுட்டுட்டேன். என் தப்புதாங்க" என்று அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அப்போது என் மனதில் வந்தது துக்கம் இல்லை, அப்பாடா என்ற நிம்மதி. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஐயா போன பிறகு, ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். அக்கா செருப்பைப் பிரித்துக்கொண்டே பேசினார். "கடை என் பேருல இருக்கு. புள்ள பொறந்து ஒரு மாசம் ஆவுது ஒனக்கு, இந்தப் பழியோட போயி அதத் தூக்காத. வூட்டுக்குப் போ." கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லணும்னு தோணுனா நீயே போயி சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

எனக்குத் தோன்றாமல் இல்லை. மகள் குப்புற விழட்டும் என்று நினைத்தேன், நடக்கட்டும் என்று நினைத்தேன், பள்ளிக்கூடம் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு நினைப்பதையும் விட்டுவிட்டேன். அதற்குள் மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து அளவு கொடுக்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அக்கா புதிதாக ஒரு ஜோடி செய்து, தெரிந்த கண்டக்டர் ஒருவரிடம் கொடுத்து மீன்சுருட்டிக்கு அனுப்பினார். மறுநாள் அதே பஸ்ஸில் பெட்டி பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. அக்கா அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். தன் அப்பாவின் காலுக்காக இந்த வேலைக்கு வந்தவர் அவர். இன்னொருவர் காலை அறுத்தவர் என்ற பேர் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காரியம் முடிந்த மறுநாள் மீன்சுருட்டிக்குப் பஸ் ஏறினேன். கலியபெருமாள் ஐயா தளர்ந்திருந்தார், வீட்டு முன்னறையில் நாற்காலியில் இருந்தார். யார் என்று கேட்டார். பரிமளம் அக்கா கடையில் வேலை செய்கிற இளங்கோவன் என்றேன். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திருச்சிக்குப் போன அக்கா, ஒரே தடவை விட்ட பட்டை, உதட்டில் வைக்காத என் கூச்சம், இரண்டடி தள்ளி நின்றது.

அவர் தன் இடதுகாலைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"அந்தம்மா எறந்த அன்னிக்கு வரலாம்னு கெளம்பினேன் தம்பி. பெரம்பலூரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். எறங்கி நின்னதும் கோவம் வந்துருச்சி. அப்படியே அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன்" என்றார். "ஒம்போது வருஷம். அவங்க இருக்கயில சொல்லியிருக்கலாமே. இனிமே நான் யாருகிட்ட போயி பேசுறது?"

கலியபெருமாள் ஐயாவின் விரலை எடுக்க வைத்தவன் நான், அவரை அக்காவின் முகத்தில் விழிக்காமல் செய்தவனும் நான். வாசல் வரை வந்தவர் என்னைப் போ என்றும் சொல்லவில்லை, மறுபடி வா என்றும் சொல்லவில்லை.

கடையை என்னையே நடத்தச் சொல்கிறான் செந்தில். மிஷின், அளவுப் பலகைகள், கத்திகள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. அவற்றை அக்காவின் நினைவாக வைத்திருக்கிறேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது வேறு. எனக்காக அவர் ஒன்பது வருடம் வைத்திருந்ததை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவரைத் தெரிந்த உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பரிமளம் செய்த செருப்பால் ஒருவருக்கு விரல் போனது என்று இனி யாராவது சொன்னால், அங்கேயே திருத்துங்கள். அது இளங்கோவன் சீவிய தோல் என்று சொல்லுங்கள்.