வெந்நீர்ப் பைக்கு ஒரு சீட்

போன செவ்வாய்க்கிழமை, ஓடும் பஸ்ஸில் எனக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. அது என்னைத் தவிர பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

விஷயம் இதுதான். எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்கவேண்டிய சவ்வு போன்ற ஒன்று வெளியேயும் வளர்ந்து, அடிவயிற்றைப் பிடித்துத் திருகும். போன வருஷம் ஒப்பரேஷன் செய்தாயிற்று. வலி மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை. "அதான் வெட்டி எடுத்தாச்சே, இன்னும் என்ன வலி?" என்று கேட்காத சொந்தக்காரர் மாத்தளையில் இல்லை. நான் என்ன, ஆசைக்கா வைத்திருக்கிறேன்?

அன்றைக்கு மாத்தளையில் கிளினிக். வெந்நீர்ப் பையைத் துவாயால் சுற்றி, வயிற்றோடு கட்டி, மேலே தொளதொள சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எங்கள் ஊர் பலாபத்வலயில், தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ் வந்தது. உள்ளே நிற்கவே இடமில்லை. எனக்கோ அதிகநேரம் நின்றால் கண் இருட்டிவிடும்.

கர்ப்பிணிகளுக்கான முன் சீட்டில் லீக்ஸ் காய்கறிக் கட்டோடு ஒரு அக்கா. என் வயிற்றைப் பார்த்தார். எழுந்துவிட்டார்.

"ஒக்காருங்கம்மா. எத்தன மாசம்?"

"அது... கொஞ்ச மாசம்தான்க்கா."

உட்கார்ந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் நின்றிருப்பீர்களா?

ஒரு வளைவில் டிரைவர் பிரேக் போட்டார். பையின் மூடி கழன்றது. வெதுவெதுவென்று தண்ணீர் என் காலில் இறங்கி, அக்காவின் செருப்பு வரை ஓடியது.

"ஐயோ, பன்னீர்க்குடம் ஒடஞ்சிருச்சு! தம்பி, எங்கயும் நிப்பாட்டாம ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்க!" என்று அக்கா கொண்டக்டரிடம் அலறினார்.

கொண்டக்டர் அதைச் சிங்களத்தில் டிரைவரிடம் கத்தினார். அப்புறம் பஸ் எங்கே நின்றது? இறங்கவேண்டிய இடங்கள் பறந்து போயின... ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பின் சீட்டில் யாரோ பிள்ளைக்குப் பெயர் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அக்கா என் முதுகைத் தடவி, "மூச்ச இழுத்து விடுங்க" என்றார். விட்டேன். உண்மையைச் சொன்னால், என் வலிக்கும் அது கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.

டவுனுக்குள் நுழையும்போது வெட்கம் தாங்கவில்லை. சட்டைக்குள் கைவிட்டுப் "பிள்ளையை" வெளியே எடுத்தேன். சிவப்பு ரப்பர் பை, சப்பிப்போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது.

"புள்ள இல்லக்கா. ஒப்பரேஷன் செஞ்சும் வலி போகல. நிக்க முடியல... அதான் ஒக்காந்துட்டேன்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இடத்தைக் கொடுத்துவிட எழுந்தேன். அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"புள்ளத்தாச்சின்னா பத்து மாசத்துல எறக்கி வச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவா. நீங்க எங்கம்மா எறக்கி வைப்பீங்க? ஒக்காருங்க."

கொண்டக்டர் முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை.

புள்ள இல்லாட்டி என்ன, வலி இருக்கே என்றாராம்!