துருப்பிடித்திருந்த வரை அது என் கார்

கணவர் இறந்தபோது அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது.

"எடைக்குப் போட்டுடுங்க அண்ணி" என்றார் கொழுந்தனார்.

நான் போடவில்லை. துருப்பிடித்த தகரத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடிக்க நானே கற்றுக்கொண்டேன். கையெல்லாம் தீப்பொறித் தழும்பு.

இன்று காலை, இடது கதவைத் தவிர மற்றதற்கெல்லாம் பெயின்டுக்கு முன் பூசும் பிரைமர் அடித்து முடித்தேன். யார் சொன்னார்களோ, நைனார்பாளையத்திலிருந்து கொழுந்தனார் வந்துவிட்டார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அண்ணன் ஆசையா வெச்சிக்கினு இருந்த வண்டி. எங்க வூட்லதான் இருக்கணும் அண்ணி."

"இந்தக் கதவுல மட்டும் துரு பாக்கி இருக்குது. தேய்ச்சிட்டு எடுத்துக்கினு போங்க" என்று உப்புத்தாளை நீட்டினேன்.

"நெலத்துல ஆளு வுட்டிருக்கேன், அப்பால வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

துருவில் பங்கு கேட்ட சொந்தக்காரர் யாராவது உங்கள் வீட்டில் உண்டா?